கட்டுக்குள் வராத பாலியல் நடத்தை, விரிசல் விட்ட மணவாழ்வு: உதவி தேடுவோர் கேட்கும் கேள்விகள்

படுக்கையறை விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் சுவரொட்டியில் பார்த்த பரம்பரை வைத்தியரிடம் போகிறார்கள், பிறகு ஜோதிடரிடம். மனநல மருத்துவரிடம் வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. வீட்டில் பேச்சுவார்த்தையும் நின்றுபோயிருக்கும். தம்பதியருக்கான ஆலோசனைப் பணியில் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் தினமும் இரவில் கைப்பேசியில் ஆபாசப் படம் பார்க்கிறார். இது நோயா?

பார்க்கிறார் என்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 11-ஆவது பதிப்பு 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை அதில் ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. குடி, போதைப் பழக்கங்களோடு வைக்காமல், உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். பொதுவழக்கில் ‘பாலியல் அடிமைத்தனம்’ என்று சொல்லப்படுவதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான்.

அந்த அளவுகோல் கேட்பவை இவை: பாலியல் செயலே வாழ்க்கையின் மையமாகி உடல்நலம், வேலை, குடும்பம் பின்னுக்குப் போய்விட்டதா? நிறுத்தவோ குறைக்கவோ பலமுறை முயன்றும் முடியவில்லையா? வேலை போகும், உறவு முறியும் என்று தெரிந்தும் தொடர்கிறதா? பெரிய இன்பம் எதுவும் கிடைக்காதபோதும் செய்துகொண்டே இருக்கிறாரா? இப்படி ஒரு போக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, வாழ்க்கையைக் கெடுத்திருந்தால் நோயாகக் கருத இடமுண்டு. உங்கள் கணவர் இதில் எங்கே நிற்கிறார் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். நோய் இல்லை என்று மருத்துவர் சொன்னாலும் உங்கள் வருத்தம் பொய்யாகிவிடாது. கணவன் மனைவிக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாக அது அப்போதும் இருக்கும்.

வாரத்துக்கு எத்தனை முறை என்றால் அதிகம்?

எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஆசை அதிகமுள்ளவர் வேறு, ஆசையைக் கையாள முடியாதவர் வேறு. தினமும் உறவை விரும்பும் ஒருவர் வேலையும் குடும்பமும் கெடாமல் நன்றாக இருக்கலாம். மாதத்தில் இரண்டே முறை நிலைதடுமாறி, சம்பளத்தில் பாதியைப் பணம் கட்டிப் பார்க்கும் வீடியோ அழைப்புகளில் தொலைப்பவருக்கு உதவி தேவை.

எனக்கு 24 வயது, திருமணம் ஆகவில்லை. சுயஇன்பத்தை நிறுத்த முடியவில்லை. உடம்பு கெட்டுவிட்டது, நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது என்று பயமாக இருக்கிறது.

தம்பி, சுயஇன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வராது. விந்து போனால் சக்தி போகும் என்ற அச்சம் நம் நாட்டில் மிகப் பழையது. அந்த அச்சத்தால் வரும் சோர்வு, பலவீனம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்த நிலைக்கு மனநல மருத்துவர் என். என். விக் 1960-இல் ‘தாத் நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார். அதற்கு மருந்து முதலில் சரியான விளக்கம்; கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கான சிகிச்சை.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையிலேயே ஒரு வரி இருக்கிறது: செய்வது பாவம், அசிங்கம் என்ற உணர்விலிருந்து மட்டும் வரும் வேதனை இந்த நோயை உறுதிசெய்யப் போதாது. எனக்கு அந்த வரையறையிலேயே மிக முக்கியமாகப் படுவது இந்த வரிதான். உங்களைப் போன்ற எத்தனையோ பேர் நோயே இல்லாமல் நோயாளி என்று தங்களைத் தாங்களே முடிவுகட்டிக்கொண்டு தவிக்கிறார்கள்.

லாட்ஜில் அறை எடுத்து முகாம் நடத்துபவர்கள், நள்ளிரவுத் தொலைக்காட்சியில் பேசுபவர்கள் இந்தப் பயத்தை வைத்தே பிழைக்கிறார்கள். ஆண்மையைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு சட்டமே தடை செய்கிறது. அப்படி விளம்பரம் செய்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இது ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. பலருக்கு அது காமத்தைவிட மனவலியோடு கூடுதலாகத் தொடர்புடையது. தனிமை, வேலைப் பதற்றம், அவமானம், வெறுமை இவற்றை அந்த நேரத்துக்கு மறக்கடிக்கும் வழியாகத் தொடங்கி, பிறகு அந்த வழியைத் தவிர வேறு வழி மனத்துக்குத் தெரியாமல் போய்விடுகிறது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் இவர்களில் கணிசமாக உண்டு. மனச்சோர்வு, பதற்ற நோய், கவனக்குறைவுக் கோளாறு, குடிப்பழக்கம் கூடவே இருப்பதும் வழக்கம்.

குடும்பத்தினர் பெரும்பாலும் அறியாத இரண்டு காரணங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, இருதுருவ மனநோயின் எழுச்சிக் கட்டம். இதுவரை அடக்கமாக இருந்தவர் திடீரென்று தூக்கம் குறைந்து, பேச்சு கூடி, கண்டபடி செலவு செய்து, பாலியல் விஷயத்திலும் எல்லை மீறினால் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். இரண்டாவது, மருந்துகள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல், புரோலாக்டின் என்ற ஹார்மோன் மிகுதிக்குக் கொடுக்கும் காபர்கோலின், மனநோய்க்குத் தரும் அரிபிபிரசோல் ஆகியவை சிலருக்கு அடக்க முடியாத பாலியல் உந்துதலையும் சூதாட்ட வெறியையும் உண்டாக்கும். அறுபதைத் தாண்டிய தந்தை கைநடுக்க மாத்திரை தொடங்கிய பிறகு இப்படி மாறியிருந்தால், அவரை வசைபாடுவதற்கு முன் மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

யாரிடம் போக வேண்டும்? எங்கே?

முதலில் மனநல மருத்துவர். உடல்நோய், மருந்தின் விளைவு, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்த்துப் பிரித்தறிய அவரால் முடியும். தொடர்ந்து உட்கார்ந்து பேசிச் செய்யும் சிகிச்சைக்கு மருத்துவ உளவியலாளர். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பது உங்கள் உரிமை. கோபித்துக்கொள்பவராக இருந்தால் வேறு ஒருவரைப் பாருங்கள்.

பணமில்லையே என்று தயங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இலிருந்து இயங்குகிறது. அந்தப் பெயரைக் கேலிச்சொல்லாக்கியது நம் தவறு. அங்கே வரும் பெரும்பாலோர் ஓபி சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மனநலத் துறை இருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் இணையம், கைப்பேசிப் பழக்கம் கைமீறியவர்களுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு 2014-இலிருந்து நடக்கிறது.

நேரில் போகத் துணிவு வராதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

முதல் நாள் என்ன கேட்பார்கள்? வாயைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.

எப்போதிலிருந்து, எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட செயல்கள், எப்போது உந்துதல் கூடுகிறது, நிறுத்த என்ன செய்து பார்த்தீர்கள், தூக்கம், குடி, வேறு மருந்துகள், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்பார்கள். 19 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தையும் நிரப்பச் சொல்லலாம். உங்கள் வாயால் சொல்ல வரவில்லை என்றால் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். ‘பாலியல் விஷயத்தில் என்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை’ என்ற ஒரே வரி போதும். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கூட வந்த மனைவியோ அண்ணனோ சற்று வெளியே இருக்கட்டும் என்று நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

இதைப் பிறருக்குச் சொல்லிவிடுவார்களா?

மாட்டார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் நோய், சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாகக் காக்கும் கடமையை மருத்துவர்மீது வைத்திருக்கிறது. அலுவலகத்துக்கோ பெண் பார்க்க வரும் வீட்டாருக்கோ அவர் சொல்லக்கூடாது. விதிவிலக்குகள் உண்டு: யாருடைய உயிருக்காவது ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்றவை. முக்கியமான ஒன்று குழந்தைகள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று போக்சோ சட்டம், 2012 எல்லோரையும் கட்டாயப்படுத்துகிறது. மருத்துவரும் அதில் அடக்கம்.

குழந்தைகளைக் காட்டும் பாலியல் காட்சிகளைப் பார்ப்பது, வைத்திருப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறுமனே பார்ப்பது குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அப்படி ஒரு நாட்டம் மனத்தில் எழுகிறது, இன்னும் எதுவும் செய்யவில்லை என்றால் இன்றே மனநல மருத்துவரிடம் போங்கள்.

சிகிச்சை என்றால் என்ன செய்வார்கள்?

அடிப்படை, பேச்சுவழிச் சிகிச்சை. அதில் நன்கு ஆராயப்பட்டது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. வாரம் ஒருமுறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை. முதல் சில வாரங்கள் கண்டுபிடிப்புக்கு: எந்த நேரம், எந்த இடம், எந்த மனநிலை உங்களை அங்கே கொண்டுபோய்த் தள்ளுகிறது? மேலதிகாரி திட்டிய நாளா, மனைவி ஊருக்குப் போன வாரமா, தூக்கம் வராத இரவா? அது தெரிந்தபின் அந்த இடங்களில் வேறு வழியைப் பழக்குவார்கள். உந்துதல் எழும், உச்சத்துக்குப் போகும், தானே தணியும். அதற்குப் பணியாமல் அந்தச் சில நிமிடங்களைக் கடக்கப் பயிற்சி தருவார்கள். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது போன்ற சிறிய ஏற்பாடுகளும் சிகிச்சையின் பகுதியே. அற்பம் என்று தள்ளிவிடாதீர்கள்.

இந்த நோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற மாத்திரை இதுவரை இல்லை. ஆனாலும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மருந்துகள், குடிநோய்க்குத் தரும் நால்ட்ரெக்சோன் ஆகியவற்றை மருத்துவர்கள் தேவை பார்த்துத் தருகிறார்கள். பலருக்குப் பயன் கிடைக்கிறது. மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கக் கூடாதவை இவை.

மாலை போட்டிருந்த ஒரு மண்டலமும் சுத்தமாக இருந்தேன். கழற்றிய வாரமே பழையபடி ஆகிவிட்டது. எனக்கு மனவலிமை இல்லையா?

இருக்கிறது, அத்தனை நாள் இருந்து காட்டியிருக்கிறீர்களே. அந்த நாட்களில் என்னென்ன மாறியிருந்தன என்று யோசியுங்கள். விடியற்காலையில் எழுந்து குளித்தீர்கள். மாலையில் பூஜை, பஜனை, கூடவே சாமிமார் துணை. குடி இல்லை. இரவில் தனியாகக் கைப்பேசியோடு கிடக்கவில்லை. எல்லோரும் உங்களை ‘சாமி’ என்று மரியாதையாக அழைத்தார்கள். மாலையைக் கழற்றிய அன்றே இவையெல்லாம் ஒன்றாகப் போய்விட்டன. சிகிச்சையில் செய்வது, இவற்றில் எவை உங்களைத் தாங்கின என்று பார்த்து அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுவருவது. இந்த அனுபவத்தை உளவியலாளரிடம் விரிவாகச் சொல்லுங்கள். அவருக்கு மிகவும் பயன்படும். மற்ற மதத்தினரின் நோன்பு நாட்களுக்கும் இது பொருந்தும்.

மகனுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த நடத்தை துணை இல்லாததால் வருவதல்ல. துணை வந்தபின்னும் தொடரும். ஒருவருடைய சிகிச்சைக்காக இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ள எந்தப் பெற்றோருக்கும் உரிமையில்லை. முதலில் சிகிச்சை. பிறகு அவரே விரும்பி, பெண்ணிடம் உண்மையைச் சொல்லித் திருமணம் செய்துகொள்ளட்டும்.

நான் மனைவி. என்னிடம் குறை இருப்பதால்தான் அவர் இப்படிப் போனாரா?

இல்லை. உங்கள் நிறம், எடை, பிரசவத்துக்குப் பிறகு வந்த சோர்வு, நீங்கள் மறுத்த இரவுகள் எதுவும் காரணமல்ல. பெரும்பாலோருக்கு இந்தப் பழக்கம் உங்களைச் சந்திப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கும். ‘நீ ஒழுங்காக இருந்தால் அவன் ஏன் வெளியே போகிறான்’ என்று மாமியார் சொல்லலாம், சில நேரம் பெற்ற தாயே சொல்வார். அது உண்மையல்ல.

தெரியவந்த பிறகு தூக்கம் கெடுவது, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப மனத்தில் ஓடுவது, நெஞ்சு படபடப்பது, அவர் கைப்பேசி ஒலித்தாலே உடல் நடுங்குவது எல்லாம் பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு வருபவை. உங்களுக்கும் தனியாக ஓர் ஆலோசகர் வேண்டும். அவருடைய ஆலோசகரே உங்களுக்கும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கணவருக்குச் சிகிச்சை நடக்கிறது என்பதற்காக நீங்கள் உடனே மன்னிக்க வேண்டும், உடலுறவுக்கு இணங்க வேண்டும் என்று யாரும் நிபந்தனை போட முடியாது. ‘இத்தனை நாள் ஒழுங்காக இருந்தேனே, இன்னும் நம்பவில்லையா’ என்று கேட்கும் கணவர்களிடம் நான் நேராகவே சொல்வதுண்டு: நம்பிக்கை உங்களுக்குத் தர வேண்டிய கூலியல்ல. அது மனைவிக்குள் தானாக வரும்போது வரும். வராமலும் போகலாம்.

பெண்களுக்கும் இந்த நோய் வரும். கூச்சம் இரட்டிப்பாக இருப்பதால் அவர்கள் வெளியே வருவது இன்னும் குறைவு. கணவரின் நிலை அப்போது இதேதான். அவருக்கும் தனித் துணை வேண்டும்.

எல்லாவற்றையும் மனைவியிடம் சொல்லிவிடட்டுமா?

உண்மை தெரியத்தான் வேண்டும். ஆனால் குற்ற உணர்வில் நள்ளிரவில் கொட்டித் தீர்ப்பதும், பிடிபட்ட அளவுக்கு மட்டும் ஒப்புக்கொண்டு மீதியை மாதக்கணக்கில் துண்டுதுண்டாகச் சொல்வதும் அதிகக் காயம் தரும். இரண்டாவது இன்னும் மோசம். ஒவ்வொரு புதிய துண்டும் முதல் நாளுக்கே அவரைத் திரும்பத் தள்ளிவிடும். ஆலோசகரின் உதவியோடு, மனைவி என்ன அறிய விரும்புகிறார் என்பதைக் கேட்டு, ஒரே அமர்வில் முழுமையாகச் சொல்வது நல்லது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட முடியாது. வெளியே பாதுகாப்பற்ற உறவு நடந்திருந்தால் அது மனைவியின் உடல்நலம் சம்பந்தப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம்; முடிவை வெளியிட மாட்டார்கள். உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் தடுப்பு மருந்து உண்டு, உடனே ஓடுங்கள். மற்ற பால்வினை நோய்களுக்கும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முடிவு தெரியும்வரை ஆணுறை இல்லாமல் மனைவியோடு சேரக்கூடாது.

அவருடைய கைப்பேசியை நான் சோதிக்கலாமா?

ஆசை வருவது இயல்பு. திருட்டுத்தனமாகப் பார்க்கத் தொடங்கினால் அதற்கு முடிவு இருக்காது. காவல்காரியாக வாழ்வது உங்களைத்தான் அரிக்கும். இருவரும் பேசி, அவரே ஒப்புக்கொண்ட வெளிப்படைத்தன்மை வேறு: கடவுச்சொல், வங்கிக் கணக்கு விவரம், எவ்வளவு காலத்துக்கு என்பதை ஆலோசகர் முன் முடிவு செய்யுங்கள். பிள்ளைகளை ஒற்றனாக்காதீர்கள்.

இரு வீட்டுப் பெரியவர்களையும் கூட்டி வைத்துப் பேசினால் என்ன?

பணத் தகராறில் அது பயன்படலாம். இதில் எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை. பத்துப் பேர் நடுவில் தலைகுனிந்து நின்ற மனிதர் வீட்டுக்கு வந்து அந்த அவமானத்தை மறக்க எதைத் தேடுவார் என்று யோசியுங்கள். மனைவிக்கும் கடைசியில் ‘அனுசரித்துப் போ’ என்ற தீர்ப்புதான் கிடைக்கும். வாயை அடக்கத் தெரிந்த ஒரே ஒருவர், அக்காவோ நெருங்கிய தோழியோ, அவரிடம் சொல்லுங்கள்.

நோய் என்றால் அவர் செய்ததற்கெல்லாம் பொறுப்பில்லையா?

பொறுப்பு முழுக்க அவருடையது. நோய் இருப்பது சிகிச்சைக்குக் காரணம், சலுகைக்குக் காரணமல்ல. உங்கள் விருப்பமில்லாமல் கட்டாயப்படுத்துவது, ஆபாசக் காட்சியில் வருவதைச் செய்யச் சொல்லி அடிப்பது, உங்களைப் படம்பிடிப்பது எதையும் நோயின் கணக்கில் எழுத முடியாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. பாதுகாப்பு ஆணை, வசிக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை கேட்கலாம். உதவிக்கு 181, உடனடி ஆபத்தில் 112. வன்முறை நடக்கும் வீட்டில் தம்பதி ஆலோசனை தொடங்கக் கூடாது. முதலில் உங்கள் பாதுகாப்பு.

என் மகன் ஆண்களை விரும்புகிறான். இதற்கும் இந்தச் சிகிச்சைதானா?

இல்லை. தன்பாலீர்ப்பு நோயல்ல, சிகிச்சையும் தேவையில்லை. மாற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அவர் விதியை மீறுகிறார். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் அத்தகைய ‘மாற்றுச் சிகிச்சை’க்கு எதிராக உத்தரவிட்டது, தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்தது. மகனோடு பேசத் தெரியாமல் தவிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு ஆலோசனை உதவும்.

வீடியோ அழைப்பில் என்னைப் பதிவு செய்துவிட்டு மிரட்டுகிறார்கள். சாகலாம் போல இருக்கிறது.

பணம் அனுப்பாதீர்கள், ஒருமுறை அனுப்பினால் மறுபடி கேட்பார்கள். உரையாடல், எண், பணம் கேட்ட தகவல் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்த எண்ணைத் தடுத்துவிடுங்கள். 1930 என்ற இணையக் குற்ற எண்ணில் புகார் செய்யுங்கள். இந்தக் கும்பல்கள் ஒரே நாளில் எத்தனையோ பேரை மிரட்டுகின்றன, நீங்கள் தனியாக மாட்டியவர் அல்ல. சாகும் எண்ணம் வந்த நொடியே 14416-ஐ அழையுங்கள், வீட்டில் ஒருவரை எழுப்புங்கள். நடந்ததைக் கேட்டு அவர்கள் கோபப்படலாம். கோபம் தணியும்.

அவர் மருத்துவரிடம் வர மறுக்கிறார். நான் என்ன செய்வது?

பலரும் வர மறுப்பார்கள். 42 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு இந்தக் கோளாறுக்கான வாய்ப்பு அதிகமாக இருந்தது. அவர்களில் சிகிச்சை தேடியவர்கள் 14 விழுக்காடு மட்டுமே. ‘நீ பைத்தியம், டாக்டரிடம் வா’ என்றால் கதவு மூடிக்கொள்ளும். ‘உங்களுக்குத் தூக்கமே இல்லை, எப்போதும் எரிச்சலாக இருக்கிறீர்கள், அதற்காகப் பார்ப்போம்’ என்று தொடங்கிப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் நீங்கள் மட்டும் போங்கள். எதைத் தாங்குவீர்கள், எதைத் தாங்க மாட்டீர்கள் என்று உங்கள் எல்லையை வகுக்க ஆலோசகர் உதவுவார்.

எவ்வளவு காலம் ஆகும்? பிரிந்துவிடுவது நல்லதா?

நடத்தையில் மாற்றம் சில மாதங்களில் தெரியத் தொடங்கலாம். உறவு ஆற ஓரிரு ஆண்டுகூட ஆகலாம். நடுவில் சறுக்கல் வரும். மறைக்காமல் அடுத்த அமர்வில் சொல்கிறாரா என்பதைத்தான் நான் கவனிப்பேன். இருவரும் சேர்ந்து வரும் தம்பதி ஆலோசனையை, அவர் தனிச் சிகிச்சையில் ஓரளவு நிலைத்த பிறகு தொடங்குவது நல்லது.

பிரிவதா என்பதை, விஷயம் தெரிந்த முதல் வாரத்திலேயே முடிவு செய்யாதீர்கள், அவர் அடித்தாலொழிய. சட்டத்தைப் பொறுத்தவரை, மணவாழ்வுக்கு வெளியே பிறரோடு உறவு இப்போது குற்றமல்ல. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை நீக்கிவிட்டது. ஆனாலும் விவாகரத்துக்கு அது காரணமாக நீடிக்கிறது. தனிமையில் ஆபாசப் படம் பார்ப்பது மட்டும் விவாகரத்துக்குப் போதிய காரணமாகாது என்று, கணவர் தொடுத்த ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 மார்ச்சில் சொன்னது. உங்கள் வழக்கின் நிலை வேறாக இருக்கலாம். பெண்கள், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்டறியலாம்.